எவ்வளவு மெதுவாகப் போகும்?

வடமதுரை
12.7.1999

தம்பி ஆண்டனிராஜுக்கு அக்கா ரோசலின் எழுதுவது.

மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் நன்றாக இருக்கிறோம். எனக்கு முழங்கால் வலி, அது பாட்டுக்கு இருக்கட்டும். கோயம்புத்தூர்க் குளிர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா? சளிக்குத் தூதுவளை அனுப்பினேனே, தின்றாயா, தூக்கிப் போட்டாயா?

எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசாமல் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நீ பேசினால் நான் நம்பிவிடுவேன். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன். எனக்கு எழுத்தில் பதில் வேண்டும்.

ஜனவரியில் செங்குளத்துப்பட்டி செபஸ்தியார் திருவிழாவில் நடந்ததை யாராவது அரைகுறையாய் உன் காதில் போட்டிருப்பார்கள். முழுசாய்க் கேள். சப்பரத்தை ஆட்கள் தோளில் தூக்கிப் போகிறார்கள். நாற்பது அடி பின்னால் ஜீப், ஜீப்புக்குப் பின்னால் டிரெய்லரில் நம் ஜெனரேட்டர். ஓட்டுவது உன் மச்சான். கிழக்குத் தெரு முக்கில் ஜீப்பின் கிளச் கருகி வண்டி நின்றுவிட்டது. தூக்குகிறவர்கள் கவனிக்காமல் நடந்துவிட்டார்கள். ஜெனரேட்டரிலிருந்து சப்பர லைட்டுக்குப் போகிற ஒயர் இழுபட்டுப் பிடுங்கிக்கொண்டது. செபஸ்தியார் கும்மிருட்டில் நின்றார். செத்த நேரம் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. அதற்குப் பிறகு இன்றுவரைக்கும் ஒருத்தரும் வாய் மூடவில்லை.

கோயில் கமிட்டித் தலைவர் பிராங்கிளின் வாத்தியார் என்னைக் கூப்பிட்டுவிட்டார். "இன்னும் ஒரு வருசம் பாக்குறேன் ரோசலினு. நல்ல வண்டியா வாங்கு. அடுத்த தடவ அணஞ்சுச்சுன்னா திண்டுக்கல்லுல இருந்து ஆளக் கூட்டியாந்துருவேன். பெறகு வருத்தப்படக் கூடாது" என்றார். பதினேழு வருசமாய் நாம் போடுகிற லைட். அந்த ஊர் கைவிட்டுப் போனால் சுற்றியுள்ள ஒன்பது ஊரும் போய்விடும். டிராக்டர் வைத்து இழு என்று யோசனை சொல்லாதே. சந்தில் திரும்பாது, அதன் சத்தத்தில் செபமாலை காதில் விழாது என்று வாத்தியார் எப்போதோ தடை போட்டுவிட்டார்.

நேற்றுப் பேப்பரில் உங்கள் கம்பெனி விளம்பரம் பார்த்தேன். 'கஜா டீசல் பிக்கப். இரண்டு டன்னை இழுக்கும் இரும்பு யானை.' நம் ஜெனரேட்டரை எடைமேடையில் நிறுத்தினேன். டிரெய்லரோடு ஆயிரத்து நானூறு கிலோ. எனக்கு ஒரே கேள்வி. சப்பரம் நடக்கிற வேகத்தில், வாசலுக்கு வாசல் நின்று நின்று, நாலு மணி நேரம் உங்கள் வண்டி இழுக்குமா? இந்த வருசம் வெளிச்சம் அணையக் கூடாது. அதற்கு எதுவும் செய்வேன்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா ரோசலின்


கோயம்புத்தூர்
2.8.1999

பாசமுள்ள அக்காவுக்கு,

நான் சுகம். தூதுவளையைத் தின்றுவிட்டேன், சத்தியமாய். முழங்காலுக்கு டாக்டரைப் பார்த்தாயா? தைலத்தைத் தேய்த்தே காலத்தை ஓட்டாதே.

நீ கஜா பற்றிக் கேட்டது எனக்கு ரொம்ப சந்தோஷம். எங்கள் ஷோரூமில் இந்த வருசம் சக்கைப்போடு போடுகிற வண்டி இதுதான். அறுபத்து மூன்று குதிரை சக்தி, பவர் ஸ்டீயரிங், லிட்டருக்குப் பதினான்கு கிலோமீட்டர். இரண்டு டன் என்றால் இரண்டு டன். உன் ஜெனரேட்டர் அதற்குத் தூசு. இந்த மாதத்துக்குள் பதிவு செய்தால் சீட் கவர், டேப் ரெக்கார்டர், டேஷ்போர்டில் ஒட்டுகிற மாதா சுரூபம் மூன்றும் இலவசம். நீலம், வெள்ளை, மெரூன் மூன்று நிறம் இருக்கிறது. உனக்கு நீலம் எடுத்து வைக்கட்டுமா? விவர நோட்டீஸ் இத்துடன் இருக்கிறது.

மச்சானை விசாரித்ததாகச் சொல். சொன்னால் வீட்டில் சண்டை வரும் என்றால் சொல்ல வேண்டாம்.

தம்பி ராஜ்


வடமதுரை
20.8.1999

தம்பிக்கு,

முழங்கால் அப்படியே இருக்கிறது. நீ உடம்பைப் பார்த்துக்கொள். நீலமும் வேண்டாம் மெரூனும் வேண்டாம்.

என் தம்பி எழுதினானா, கம்பெனி நோட்டீஸ் எழுதியதா என்று தெரியாமல் இரண்டு தடவை படித்தேன். நான் கேட்ட கேள்வியைத் தவிர எல்லாவற்றுக்கும் பதில் இருக்கிறது. வாயில் என்ன கொழுக்கட்டையா?

சும்மா இருப்பேன் என்று நினைக்காதே. வீரா, பல்லவன் என்று இன்னும் இரண்டு கம்பெனி நோட்டீசும் வாங்கியாகிவிட்டது. மூன்றையும் சமையல்கட்டில் விரித்துப் போட்டு உட்கார்ந்தேன். வீரா ஒன்றரை டன் இழுக்குமாம். பல்லவன் 'மலை ஏறும் மன்னன்', எவ்வளவு இழுக்கும் என்று எண்ணே போடவில்லை, மன்னனிடம் கணக்குக் கேட்கக் கூடாது போல. உங்கள் கஜா படத்தில் ஒரு நிஜ யானையை டிரெய்லரில் ஏற்றி இழுக்கிறது. பழனி கோயில் யானை நாலு டன் என்று பாகன் சொன்னார். இரண்டு டன் இழுக்கிற வண்டி நாலு டன் யானையை எப்படியடா இழுத்தது? யானை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதா?

மூன்று நோட்டீசிலும் அடியில் ஒரு நட்சத்திரம் போட்டு எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து. வாட்ச் ரிப்பேர் அப்துல் கையூம் பாயிடம் பூதக்கண்ணாடி கடன் வாங்கிப் படித்தேன். 'புதிய வண்டி, சமதளச் சாலை, ஓட்டுநர் மட்டும்' என்று இருக்கிறது. பாய் சிரியாய்ச் சிரித்தார். "சமதளத்துல தள்ளுனா எங்க கடை பீரோகூடப் போகும்மா" என்றார்.

மறுபடியும் கேட்கிறேன். சப்பரத்துக்குப் பின்னால் போகுமா, போகாதா? மழுப்பாமல் எழுது.

அக்கா


கோயம்புத்தூர்
10.9.1999

அன்பு அக்காவுக்கு,

நான் நலம். உன் கோபத்தைப் பார்த்தால் நீயும் நலம் என்று தெரிகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு சாதனையே செய்துவிட்டேன். டெமோ வண்டியின் பின்னால் ஒன்றரை டன் சிமெண்டு ஏற்றிய டிரெய்லரை மாட்டி மருதமலை ரோட்டில் ஏற்றினேன். அக்கா, ஒரு முக்கல் முனகல் இல்லை. மூன்றாவது கியரில் பறந்தது. போட்டோ வைத்திருக்கிறேன், பார். மலையே ஏறிய வண்டிக்கு உங்கள் செங்குளத்துப்பட்டித் தெரு எம்மாத்திரம்? மேனேஜர்கூட இந்தப் போட்டோவை ஷோரூமில் மாட்டச் சொல்லிவிட்டார்.

இனியும் யோசிக்காதே. மச்சான் கோபம் தணிந்ததா?

தம்பி ராஜ்


வடமதுரை
19.9.1999

ராஜ்,

எல்லோரும் சுகம். நீயும் சுகமாயிரு. மற்றதை நேராகச் சொல்லிவிடுகிறேன்.

போட்டோவில் வண்டி ஓடுகிறது. எனக்கு ஓடாத வண்டி வேண்டும். நீ சின்னப் பிள்ளையில் என் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சப்பரத்துக்குப் பின்னால் நடந்தவன்தானே, மறந்துபோச்சா? செங்குளத்துப்பட்டியில் நூற்றி எண்பத்தாறு வாசல். ஒவ்வொரு வாசலிலும் சப்பரம் நிற்கும். வீட்டுக்காரர்கள் உப்பும் மிளகும் காணிக்கை போட்டு, மெழுகுவர்த்தி கொளுத்தி, பிள்ளையைத் தூக்கிக் காட்டி, கும்பிட்டு முடித்த பிறகுதான் நகரும். நகர்ந்தால் இருபது அடி. மறுபடி நிற்கும். பின்னால் வருகிற வண்டியும் நூற்றி எண்பத்தாறு தடவை நின்று நூற்றி எண்பத்தாறு தடவை கிளம்ப வேண்டும். அதுவும் மனுசன் நடையை விட மெதுவாக. கொஞ்சம் வேகம் கூடினால் சாமி மேல் முட்டும், கொஞ்சம் பிந்தினால் ஒயர் அறும்.

எவ்வளவு வேகமாகப் போகும் என்று எல்லாக் கம்பெனிக்காரனும் கொட்டை எழுத்தில் போடுகிறான். எவ்வளவு மெதுவாகப் போகும் என்று ஒருத்தனும் போடவில்லை. கேட்டால் உனக்கே தெரியவில்லை.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், மனதில் வைத்துக்கொண்டிருந்தால் எனக்குத்தான் நெஞ்சு வலிக்கும். அந்தப் பழைய ஜீப்பை உங்கள் ஊர் உக்கடத்தில் பார்த்து, "ஒண்ணும் ஆகாது அக்கா, நான் கேரண்டி" என்று நீதான் வாங்கிக் கொடுத்தாய். நான் இதுவரை அதை எழுதவில்லை, நீயும் கேட்கவில்லை. ஆனால் ஊர் பேசுகிறது. மச்சினன் ஓட்டை வண்டியைத் தலையில் கட்டிவிட்டான் என்று உன் மச்சான் காதுபடப் பேசுகிறார்கள். அவரும் இல்லை என்று சொல்லவில்லை. அதனால்தான் வேறு எங்கேயும் போகாமல் உன்னிடமே வண்டி வாங்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறேன். உன்னிடம் வாங்கின வண்டி அந்தத் தெருவில் கருகி நிற்காமல் போக வேண்டும். அதை எல்லோரும் பார்க்க வேண்டும்.

ஆனால் அதற்காக மறுபடி கண்ணை மூடிக்கொண்டு வாங்க மாட்டேன். எந்தக் கம்பெனி ஜெனரேட்டரைக் கட்டி நூற்றி எண்பத்தாறு வாசல் நின்று காட்டுகிறதோ அதுதான் என் வண்டி. தம்பி என்று பார்க்க மாட்டேன்.

அக்கா


வடமதுரை
8.11.1999

தம்பிக்கு,

ஏழு வாரமாகிறது, ஒரு வரி இல்லை. உடம்பு கிடம்பு சரியில்லையா? அப்படியென்றால் ஒரு கார்டு போடு, நான் பஸ் ஏறி வருகிறேன். கோபம் என்றால் அதையும் எழுது. திட்டினாலும் பரவாயில்லை.

வீரா கம்பெனிக்காரர்கள் மதுரையிலிருந்து வண்டி கொண்டுவந்தார்கள். சப்பரத்துக்குப் பதில் நானே கையில் காணிக்கைத் தட்டை ஏந்திக்கொண்டு முன்னால் நடந்தேன், வாசலுக்கு வாசல் நின்றேன். முப்பத்தேழாவது வாசலில் கிளச் தீய்ந்து நாற்றம் வந்துவிட்டது. "இது மாதிரி எந்த வண்டியும் ஓடாதும்மா, ஒங்க சாமிய வேகமா நடக்கச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனான் அந்த ஆள். நன்றாகக் கொடுத்து அனுப்பினேன். பல்லவன் ஆள் கேட்டவுடனேயே நழுவிவிட்டான்.

திருவிழாவுக்கு இன்னும் எழுபத்து மூன்று நாள். நான் விடுவதாயில்லை.

அக்கா


கோயம்புத்தூர்
21.11.1999

அக்காவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ பஸ் ஏற வேண்டாம்.

இழுக்காது அக்கா. கஜா நம் வேலைக்கு ஆகாது.

இதை எழுத எனக்கு இரண்டு மாதம் ஆனது. உன் கடிதத்தைப் படித்த அன்றே எனக்குத் தெரியும், ஆனாலும் நானே பார்த்துவிட வேண்டும் என்று நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் குடோன் மைதானத்தில் டெமோ வண்டியைப் பாரத்தோடு எடுத்தேன். வாட்ச்மேன் சௌகத் அலி பாய் கையில் ஒரு தட்டைக் கொடுத்து முன்னால் நடக்கச் சொன்னேன். இருபது அடிக்கு ஒரு தடவை நின்றார். "என்ன தம்பி, நம்ம சந்தனக்கூடு மாதிரியே இருக்குதே" என்று சிரித்தார். எண்பத்தொன்றாவது நிறுத்தத்தில் புகை வந்தது. அடுத்த வாரம் இன்னொரு வண்டி. அது எழுபதைத் தாண்டவில்லை. நடந்ததை அப்படியே எழுதி, விளம்பரத்தில் இதையும் போட வேண்டும் என்று மேனேஜரிடம் கொடுத்தேன். அவர் என்ன சொன்னார் என்பது உனக்கு எதற்கு?

அந்த ஜீப்பையும் சொல்லிவிடுகிறேன். வாங்கும்போது நான் கிளச்சைக் கழற்றிப் பார்க்கவில்லை அக்கா. புரோக்கர் நல்லாயிருக்கு என்றான், நானும் நல்லாயிருக்கு என்றேன். கேரண்டி என்ற வார்த்தை எனக்கு வாயில் அப்படியே வந்துவிடும், தொழில் அப்படி. செபஸ்தியாரை இருட்டில் நிறுத்தியது நான்தான். அன்றிலிருந்து மச்சான் முகத்தில் முழிக்கப் பயந்துகொண்டுதான் ஊருக்கு வராமல் இருக்கிறேன். லீவு இல்லை என்றதெல்லாம் பொய்.

ஒரு வழி இருக்கிறது. எங்களிடம் எஸ்டேட் மாடல் என்று பழைய வண்டி ஒன்று மூன்று வருசமாய்த் தூசி படிந்து நிற்கிறது. பார்க்க லட்சணமாயிருக்காது, விளம்பரமும் கிடையாது. மலைத் தோட்டக்காரர்களுக்காகச் செய்தது. கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு குட்டிக் கம்பி இருக்கும். அதைத் தள்ளிவிட்டால் வண்டி தவழ ஆரம்பிக்கும். கிளச்சிலிருந்து காலை எடுத்துவிட்டே ஓட்டலாம். கிளம்பும்போது மட்டும் ஒரு மிதி. நேற்று பாயை நடக்கவிட்டுப் பார்த்தேன். நூற்றி எண்பத்தாறு, அதற்கு மேல் இன்னும் பதினான்கு. கையை வைத்துப் பார்த்தேன், சூடு இல்லை. பாய்க்குத்தான் கால் வலி.

நான் கேரண்டி சொல்லவில்லை. பார்த்ததை எழுதியிருக்கிறேன்.

ராஜ்


வடமதுரை
29.11.1999

என் தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோசத்தில்தான். 'ஆகாது' என்று நீ சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த ஒரு வார்த்தைக்காகவே உன் லட்சணமில்லாத வண்டியை வாங்குகிறேன். அனுப்பி வை.

பாய்க்கு என் பேரைச் சொல்லி நல்ல தைலமாக வாங்கிக் கொடு.

ஒன்று கேட்கிறேன். இதுவரை யானைப் படம் போட்ட கம்பெனித் தாளில் எழுதுவாய். இந்தக் கடிதம் ஸ்பேர் பார்ட்ஸ் சீட்டின் பின்பக்கம் வந்திருக்கிறதே, ஏன்?

வண்டியோடு நீயும் வா.

அக்கா


கோயம்புத்தூர்
9.12.1999

அக்காவுக்கு,

சுகம். பாய் தைலத்தைத் தேய்த்துவிட்டு உனக்காகத் துவா செய்தார்.

டிரைவர் புதன்கிழமை வண்டியைக் கொண்டுவந்து விடுவான். ஆயில் மாற்றி, கிளச்சைக் கழற்றி, இந்தத் தடவை என் கண்ணால் பார்த்து மாட்டியிருக்கிறேன். எனக்கு இங்கே வேலை இருக்கிறது, வர முடியாது. கிறிஸ்மஸுக்குக் காத்திருக்க வேண்டாம்.

ராஜ்


வடமதுரை
2.1.2000

தம்பிக்கு,

புது வருசம் உனக்கு நன்றாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். முறுக்கு அனுப்பியிருக்கிறேன், உடைந்திருந்தால் தபால்காரரைத் திட்டு.

வண்டி வந்த மறுநாள் பகலில் செங்குளத்துப்பட்டித் தெருவில் ஒத்திகை பார்த்தோம். உன் மச்சான் ஓட்டினார், நான் பக்கத்தில் நடந்தேன். அறுபதாவது வாசலில் கிளச் நாற்றம் வந்தது. பதறாதே. வண்டியில் ஒரு குறையும் இல்லை. ஓட்டுகிற ஆளை மாற்றிவிட்டேன், அவ்வளவுதான். ஏன் என்று கேட்காதே.

இப்போது நான்தான் ஓட்டப் பழகுகிறேன். நாற்பத்தாறு வயதில் எல்.எல்.ஆர். வாங்கியாயிற்று. பக்கத்தில் லைசென்சு உள்ளவர் உட்கார வேண்டுமாம், உன் மச்சான் உட்காருகிறார். பிராங்கிளின் வாத்தியார் வந்து, "பொம்பள வண்டி ஓட்டி சாமி பின்னாடி வர்றதா?" என்று இழுத்தார். "சாமிய நான் தூக்கப் போறதில்ல சார், லைட்டத்தான் தூக்கிட்டு வாரேன். அணஞ்சா கேளுங்க" என்றேன். போய்விட்டார்.

நேற்று நூற்றி எண்பத்தாறும் முடித்தேன். முழங்கால்தான் கத்துகிறது. கத்தட்டும்.

நீ வருவாயா என்று இனிமேல் கேட்க மாட்டேன்.

அக்கா


வடமதுரை
23.1.2000

மாப்ளைக்கு இருதயநாதன் எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. உன் உடம்பு சுகத்தைக் கேட்கவும் ஒரு வருசமாய் எனக்கு வாய் வரவில்லை. நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

இருபதாம் தேதி சப்பரம் நல்லபடியாய் முடிந்தது. முன்னால் எல் போர்டு மாட்டிக்கொண்டு உன் அக்கா ஓட்டினாள். கடைசி வாசல் வரைக்கும் ஒரு பல்புகூடக் கண் சிமிட்டவில்லை. கோயிலுக்குத் திரும்பியதும் வாத்தியார் அடுத்த மூன்று வருசத்துக்கு நம்மிடமே கொடுத்துவிட்டார்.

ஒத்திகையில் கிளச் ஏன் நாறியது என்று அவள் உனக்கு எழுதியிருக்க மாட்டாள். நான் எழுதுகிறேன். அது என் கால். சாமி முன்னால் போகும்போது எங்கே முட்டிவிடுவேனோ என்று பயந்து பயந்து கிளச்சை விட்டு என் கால் வருவதே இல்லை, மிதித்தபடியே இருக்கிறேன். பதினேழு வருசமாய் இப்படித்தான் ஓட்டியிருக்கிறேன், வருசா வருசம் கிளச் மாற்றியிருக்கிறேன். அவள் வண்டிக்குப் பக்கத்தில் நடந்துகொண்டே என் காலைப் பார்த்தாள். "எறங்குங்க, நான் பழகுறேன்" என்றாள்.

நீ வாங்கிக் கொடுத்த ஜீப்பும் அப்படித்தான் கருகியது. கருகின அன்றே எனக்கு உள்ளுக்குள் சந்தேகம். ஊர் உன் பேரைச் சொன்னது. எனக்கு அது வசதியாய் இருந்தது, விட்டுவிட்டேன். ஸ்பேர் பார்ட்ஸ் குடோனில் உன்னைத் தூக்கிப் போட்டிருக்கிறார்கள் என்று வண்டி கொண்டுவந்த டிரைவர் சொன்னான். உண்மையைச் சொன்னதற்கு உனக்கு அது கிடைத்தது. பொய்யாய் இருந்த எனக்கு மரியாதை கிடைத்தது.

பூசை முடிந்து பங்குச் சாமியார் நன்றி சொல்ல என்னிடம் மைக்கைக் கொடுத்தார். நம் மைக்குதான், நான்கு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தேன், அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும். "போன வருசம் லைட்டு அணஞ்சதுக்கு எம் மாப்ள வாங்கிக் குடுத்த ஜீப்பு காரணமில்ல. நான் ஓட்டுன லச்சணம். ஒரு வருசமா அவன் பேரக் கெடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டேன். உன் அக்கா வண்டியிலிருந்து இறங்காமல் ஸ்டீயரிங்கில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள்.

ஊரே கேட்டது. கேட்க வேண்டிய நீ மட்டும் அங்கே இல்லை. நானே 'வா' என்று எழுதினால் நீ வந்துவிடுவாய், எனக்குத் தெரியும். ஆனால் உன்னைக் கூப்பிடுகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு நானே வாரேன். வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

மச்சான்
இருதயநாதன்